97 சதவீதம்... மீதி 3 பேர் எங்கே?

காலைப் பேப்பரைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. பளபள காகிதம், நாலு கலர். ஒரு பக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், காலடியில் கவிழ்ந்த பாட்டில். மறுபக்கம் அதே ஆள், இஸ்திரி போட்ட சட்டையில், மனைவி மக்களோடு சிரிக்கிறார். (இந்த நோட்டீஸ்களில் எப்போதும் இரண்டு குழந்தைகள்தான். ஒரு பையன், ஒரு பெண்.) கீழே கொட்டை எழுத்தில்: 'குடியிலிருந்து நிரந்தர விடுதலை. 97% வெற்றி!'

மற்ற நாளாக இருந்தால் காபி டம்ளருக்கு அடியில் வைத்திருப்பேன். அன்றைக்கு வைக்கவில்லை. காரணம், இரண்டு நாள் முன்னால் அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி போன் செய்திருந்தார். தம்பிக்கு முப்பத்திநாலு வயது. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. "நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க சார். நீங்க பத்திரிகைக்காரர், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். உண்மையில் தெரியவில்லை. ஊரில் நல்ல பிரியாணிக் கடை எது, நல்ல பல் டாக்டர் யார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இது தெரியவில்லை. "விசாரிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

எனவே அந்த நோட்டீஸில் இருந்த நம்பரைப் போட்டேன்.

"97 சதவீதம்னு போட்டிருக்கீங்களே, அது எப்படி சார் கணக்கு?"

"எங்க சிகிச்சை முறை அப்படி சார்."

"சரி... மீதி 3 சதவீதம்?"

"அவங்க ஒத்துழைக்காதவங்க சார். பேஷன்ட் எங்கே இருக்கார்? அட்ரஸ் கொடுங்க, ராத்திரியே வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்."

அவ்வளவுதான். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பி.காம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு (குடியைச் சொல்லவில்லை). எங்கே சதவீதத்தைப் பார்த்தாலும், கீழே என்ன எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று தேடுவான். எங்கள் கல்லூரியில் அக்கவுண்டன்ஸி எடுத்த ஆசிரியர் சொல்வார்: "ஒருத்தன் லாபத்தைச் சொன்னா கை தட்டாதே. எதையெல்லாம் கழிக்காம சொல்றான்னு பாரு."

வாருங்கள், நாமே ஒரு 97 சதவீதம் தயாரிப்போம். கற்பனைக் கணக்குதான். ஒரு வருஷத்தில் 100 பேர் சேர்கிறார்கள். முதல் பத்து நாளில் 20 பேர் சுவர் ஏறிக் குதித்தோ, அம்மா அழுது கூட்டிப் போயோ வெளியேறிவிடுகிறார்கள். இவர்கள் 'சிகிச்சை எடுக்காதவர்கள்'. கழித்துவிடலாம். அடுத்து, மாசா மாசம் பணம் கட்ட முடியாமல் 30 பேர் பாதியில் போகிறார்கள். இவர்கள் 'முடிக்காதவர்கள்'. இதையும் கழித்தாயிற்று. 90 நாளை முடித்தவர்கள் 50 பேர். ஆறு மாதம் கழித்து இந்த 50 பேருக்கும் போன் அடிக்கிறார்கள். 20 பேர் எடுக்கவில்லை, ஸ்விட்ச் ஆஃப். எடுக்காதவரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? விட்டுவிடுங்கள். எடுத்தவர்கள் 30 பேர். அதில் 29 பேர் "குடிக்கிறதில்லைங்க" என்கிறார்கள். 29-ஐ 30-ஆல் வகுங்கள். 97 சதவீதம் வந்துவிட்டதா!

பாருங்கள், எங்கேயும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நுழைந்த நூறு பேரில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது 29 பேரைப் பற்றித்தான். அந்த 29-லும், போனை எடுத்துப் பதில் சொன்னது அவரா, பக்கத்தில் அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மனைவியா? போனை எடுக்காத 20 பேர் ஏன் எடுக்கவில்லை என்று யோசித்தால் போதும். மறுபடி குடிக்க ஆரம்பித்தவர் முதலில் செய்யும் காரியம், மையத்தின் நம்பர் வந்தால் கட் பண்ணுவதுதான்.

இது நம்ம ஊர் நோட்டீஸ்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு வயது அதிகம். 1935-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் என்ற ஊரில், பங்குச் சந்தையில் வேலை பார்த்து நொடித்துப்போன பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. ஏ.ஏ. இரண்டு பேருமே குடியில் மூழ்கி எழுந்தவர்கள். அந்த இயக்கத்தின் அடிப்படைப் புத்தகத்துக்கு 1955-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது முன்னுரையில் ஒரு கணக்கு சேர்த்தார்கள். பாதிப் பேர் உடனே நிறுத்திவிட்டார்கள், இன்னொரு கால்வாசி கொஞ்சம் சறுக்கிவிட்டு நிறுத்தினார்கள் என்று. அந்த இரண்டையும் கூட்டி 75 சதவீதம் என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது: 'உண்மையாக முயன்றவர்களில்' என்று. உண்மையாக முயன்றவர் யார்? குடியை விட்டவர். விடாதவர்? உண்மையாக முயலாதவர். தட்டைத் திருப்பிப் போட்டாலும் பூரி விழாது.

ஏ.ஏ.வைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. நியாயமாகச் சொன்னால், பல வருஷம் கழித்து, ஒழுங்கான முறையில் அளந்து பார்த்தபோது அந்த முறைக்கு நல்ல மார்க்தான் கிடைத்தது. 2020-ல் காக்ரேன் என்ற அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகப் போட்டு அலசியது. பயிற்சி பெற்றவர்கள் ஏ.ஏ. கூட்டங்களுக்கு முறைப்படி ஆற்றுப்படுத்தியபோது, ஒரு வருஷம் கழித்து முழுசாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற பேச்சு சிகிச்சைகளில் 35 சதவீதம். 42-க்கும் 35-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். நோட்டீஸ் படித்துக் கெட்டுப்போன கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

நேர்மையான எண்கள் எப்போதும் இப்படி நோஞ்சானாகத்தான் இருக்கும். இன்னொன்று சொல்கிறேன். அகாம்ப்ரோசேட் என்று ஒரு மாத்திரை. குடியை நிறுத்தியவர் மறுபடி தொடாமல் இருக்க டாக்டர்கள் தருவது. 2014-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால், வெறும் மாவு மாத்திரை கொடுத்திருந்தால் குடித்திருக்கக்கூடிய ஒருவர் குடிக்காமல் இருக்கிறார். நால்ட்ரெக்ஸோன் என்ற இன்னொரு மாத்திரைக்கு இது 20-க்கு ஒன்று. இதை யாராவது நோட்டீஸில் போடுவார்களா? '12-க்கு 1!' என்று போட்டால் வண்டி கேட்டு யார் போன் பண்ணுவார்கள்? ஆனால் அந்த ஒருவர் நிஜமானவர். எதிரில் இன்னொரு கூட்டத்தை வைத்து, ஒப்பிட்டு, கழிக்க வேண்டியதைக் கழித்து வந்தவர். 97-ல் எத்தனை பேர் நிஜம் என்று யாருக்கும் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் அமெரிக்காக்காரர்கள் ஒரு முறை தலையைச் சொறிந்துகொண்டார்கள். 'புராஜெக்ட் மேட்ச்' என்று பிரமாண்டமான ஓர் ஆய்வு. 1,726 பேர். சுமார் 2.7 கோடி டாலர் செலவு. எந்த மாதிரி குடிநோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று, செருப்புக்கடையில் கால் அளவு பார்ப்பது மாதிரி, கண்டுபிடித்துவிடலாம் என்று மூன்று விதமான பேச்சு சிகிச்சைகளை அளந்தார்கள். 1997-ல் முடிவு வந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன்! ஆக, 'எங்கள் சிகிச்சை முறை அப்படி சார்' என்று யாராவது சொன்னால் நீங்கள் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அப்படியானால் ஒரு மையம் நல்ல மையமா இல்லையா என்பதை எதை வைத்துத்தான் சொல்வது?

இங்கே என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். டேலியாகாத பேலன்ஸ் ஷீட்டை ஐந்து நிமிஷத்தில் டேலி பண்ணித் தருவான். வேலை, கல்யாணம், பிறகு குடி. மனைவி நகையை அடகு வைத்து ஒரு மையத்தில் சேர்த்தார். 90 நாள் இருந்தான். முடிவில் விழா எடுத்தார்கள். மாலை போட்டு, மைக் கொடுத்து, பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினான். நானும் போயிருந்தேன், கைதட்டினேன். அதற்கப்புறம் அந்த மையத்திலிருந்து அவனுக்கு ஒரு போன்கூட வரவில்லை. ஐந்தாவது வாரம் மறுபடி ஆரம்பித்தான். அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் இல்லை. ஈரல்.

இரண்டு வருஷம் கழித்து அவன் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணா, அவங்க புக்லெட்ல இன்னும் இவர் மாலையோட நிக்கற போட்டோ இருக்கு. எடுக்கச் சொல்லுங்கண்ணா." நான் அந்த மையத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். போட்டோவை எடுப்பதாகவும் சொன்னார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "ஆனா சார், இங்கே இருந்தவரைக்கும் அவர் குடிக்கலையே."

அப்போது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ரொம்ப நாள் கழித்து டாம் மெக்லெல்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மூன்று பேரோடு சேர்ந்து 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தபோதுதான், அந்த மனிதர் தெரியாமல் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

மெக்லெல்லன் கேட்பது இதுதான். உங்களுக்கு ரத்தக்கொதிப்பு. மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பிரஷர் இறங்குகிறது. மாத்திரையை நிறுத்துகிறீர்கள், ஏறுகிறது. அப்போது எந்த டாக்டராவது 'மாத்திரை தோற்றுப்போச்சு' என்பாரா? மாத்திரை வேலை செய்தது என்பதற்கே அதுதான் ஆதாரம் என்பார். ஏன் நிறுத்தினாய் என்று உங்களைத் திட்டுவார். போதைக்கு மட்டும் ஏன் தலைகீழாகப் பார்க்கிறோம்? சிகிச்சையை முழுசாக நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துப் போய் 'இப்ப எப்படி இருக்கான்' என்று கேட்கிறோம். மறுபடி குடித்திருந்தால் சிகிச்சை தோல்வி, அல்லது அவன் தறுதலை. அதே கட்டுரையில் அவர்கள் கொடுத்த கணக்கு: போதைச் சிகிச்சைக்குப் பின் ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடுபவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்தக்கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் மறுபடி நோய் முற்றி வருகிறவர்கள் 50 முதல் 70 சதவீதம். ஆஸ்துமாக்காரருக்கு யாரும் 90 நாளில் மாலை போட்டு அனுப்புவதில்லை.

'இங்கே இருந்தவரைக்கும் குடிக்கலை.' சரி. அப்படியானால் ஏன் ஐயா அவனை 91-வது நாள் கை கழுவினீர்கள்? நான் அன்றைக்கு அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்கத் தெரியவில்லை. அதுவரை எனக்கும் மனசுக்குள் பிளஸ் டூ ரிசல்ட் மாதிரிதான் கணக்கு ஓடியது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ்.

இந்த மெக்லெல்லன் சாதாரண ஆள் இல்லை. போதையால் ஒருவர் வாழ்க்கையில் எது எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க, 1980-ல் தன் சகாக்களோடு ஓர் அளவுகோலை உண்டாக்கியவர். குடியை மட்டும் கேட்காது அது. உடம்பு, வேலை, வழக்கு, குடும்பம், மனசு எல்லாவற்றையும் கேட்கும். உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு, தன் மகனுக்கே சிகிச்சை தேவைப்பட்டபோது எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. அவரே வெளிப்படையாகச் சொன்னது. 2008-ல் அந்த மகன் இறந்துபோனார். அம்பத்தூர் அம்மாவுக்குத் தெரியாததில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு அப்பா, கேரி மெண்டல். ஹோட்டல் தொழிலதிபர். மகன் பிரையன் பல வருஷம் பல மையங்களில் ஏறி இறங்கினார். கடைசியில் 13 மாதம் போதையைத் தொடவில்லை. எந்த நோட்டீஸ் கணக்கிலும் அவர் வெற்றிப் பட்டியலில்தான் வந்திருப்பார். 2011 அக்டோபரில், 25 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஊர் பார்வையின் அவமானம் தாங்கவில்லை என்கிறார் அப்பா. குடிக்காத நாட்களை மட்டும் எண்ணினால் என்ன தவறிப்போகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

மெண்டல் ஹோட்டல்காரராயிற்றே! ஓர் அறையை புக் பண்ணுவதற்கு முன்னால் ஜனங்கள் எவ்வளவு விசாரிக்கிறார்கள் என்று தெரிந்தவர். மகன் உயிர் விஷயத்தில் விசாரிக்க ஓர் இடம்கூட இல்லையே என்று 'ஷாட்டர்ப்ரூஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2020-ல் அவர்கள் 'அட்லஸ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் நியூயார்க், மாசசூசெட்ஸ் உட்பட ஆறு மாநிலங்களுக்கு, பிறகு மேலும் சிலவற்றுக்கு. மையங்கள் தங்களைப் பற்றித் தரும் விவரம், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பில் கணக்கு, அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்வது, மூன்றையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, 'எத்தனை பேர் குணமானார்கள்' என்ற கேள்வியை அவர்கள் துருப்புச் சீட்டாக வைக்காததுதான். எவ்வளவு சீக்கிரம் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆளுக்கு ஆள் தனித் திட்டம் உண்டா, மருந்து தருகிறார்களா, வெளியே போனபின் கவனிக்கிறார்களா... இப்படிப் போகிறது.

குறை இல்லாமல் இல்லை. மையமே நிரப்பித் தரும் படிவத்தை எவ்வளவு நம்புவது? ஹோட்டலுக்குக் கருத்து எழுதுகிறவர் ரூமைக் காலி பண்ணிவிட்டு நிம்மதியாக எழுதுவார். மையத்துக்குக் கருத்து எழுத, முதலில் அவர் தெளிந்திருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். என் நண்பன் எந்தப் படிவத்தையும் நிரப்பியிருக்க மாட்டான்.

அளக்க ஆரம்பித்தால் அளவுக்காகவே வேலை செய்யும் வியாதியும் கூடவே வரும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1990-களில், நல்ல பலன் காட்டும் மையங்களுக்கே அரசுப் பணம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் ஒருவர் ஆராய்ந்து பார்த்தார். ரொம்ப முற்றிய நிலையில் இருப்பவர்களைச் சேர்ப்பது அந்த மையங்களில் குறைந்திருந்தது! நூறு சதவீதம் ரிசல்ட் காட்டும் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுப்பது நமக்குத் தெரியாத வித்தையா?

அளவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா இருக்கிறது. அங்கே இன்ஷூரன்ஸ் உள்ள நோயாளியைப் பிடித்துத் தர புரோக்கர்கள். தலைக்கு இவ்வளவு கமிஷன். அவர் மறுபடி போதையில் விழுந்தால் இன்ஷூரன்ஸ் மறுபடி முதலிலிருந்து. கமிஷனும் முதலிலிருந்து. குணமானால் நஷ்டம், விழுந்தால் லாபம் என்று ஒரு வியாபாரம்! 2017-ல் இதில் ஒரு மைய உரிமையாளருக்கு 27 வருஷம் ஜெயில். அதே வருஷம் செப்டம்பரில் கூகுள் அமெரிக்காவில் மறுவாழ்வு மைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். நல்ல முயற்சிகளே இல்லை என்று சொன்னால் பாவம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-லேயே சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் அமைப்பைத் தொடங்கினார். குடியை நோய் என்று சொன்னாலே ஜனங்கள் சிரித்த காலம் அது. ஆனால் தேவை எங்கே, இருப்பது எங்கே? மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38-ல் ஒருவர். மீதி 37 பேரின் வீட்டுக்காரர்கள்தான் அந்தப் பளபள நோட்டீஸைப் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள்.

டாஸ்மாக்கில் 2023-24-ல் 45,855 கோடி ரூபாய் வருமானம் என்று அரசாங்கம் கோடி சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கிறது. விற்றதன் கணக்கு இவ்வளவு சுத்தம். விட்டவர்கள் கணக்கை அதே சுத்தத்தோடு எந்த மானியக் கோரிக்கைக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

சட்டம் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியது உங்களுக்கு நினைவிருக்கும். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடி, போதை சம்பந்தப்பட்ட மனநிலைக் கோளாறுகளையும் தன் கீழ் கொண்டுவந்தது. அதன்படி மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலி கூடாது. ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் டாக்டர்கள் நேரில் பார்த்து எழுத வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைக்கும்தான். ராத்திரி வண்டியில் தூக்கிவந்து 90 நாள் பூட்டி வைப்பது 'சேவை' இல்லை. சட்ட விரோதம்.

அம்பத்தூர் அம்மாவுக்கு நான் மார்க் லிஸ்ட் எதுவும் தரவில்லை. நம்மிடம் அட்லஸும் இல்லை. எனவே கேட்க வேண்டியதை மட்டும் சொன்னேன்.

முதல் கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? மொடாக் குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் ஃபிட்ஸ் வரலாம், ஆளே யார் என்று தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். அதற்கு டாக்டரும் மருந்தும் வேண்டும். பஜனையும் யோகாவும் அப்புறம். வாட்ச்மேன்தான் இருப்பார் என்றால் அந்த இடம் வேண்டாம். இதில் சமரசமே கிடையாது.

பிறகு, பதிவு நம்பர் என்ன, முதல் வாரத்திலேயே நான் வந்து பார்க்கலாமா, தம்பி எனக்குப் போன் பேசலாமா என்று கேளுங்கள் என்றேன். 'வீட்டுக்காரங்க வந்தா மனசு கலைஞ்சிடும்' என்று மாசக்கணக்கில் கதவைச் சாத்துகிற இடத்தில், கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க பவுடர் தருகிறோம் என்றால் போனை வைத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். குடித்தால் உடம்பைப் புரட்டிப் போடும் மாத்திரை நிஜமாகவே உண்டு. சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அது ஆபத்து.

கடைசியாக இரண்டு கேள்வி. ஒன்று, என் தம்பி வெளியே வந்து மறுபடி குடித்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு, போன வருஷம் இங்கே வந்தவங்கள்ல இன்னிக்கு எத்தனை பேர் உங்க தொடர்புல இருக்காங்க?

அந்த அம்மா ஆறு இடத்துக்குப் போன் செய்தார். பேப்பரில் எழுதிவைத்துக் கேட்டாராம். நாலு பேர் கடைசிக் கேள்விக்கே வரவிடவில்லை. ஐந்தாமவர், "மறுபடி குடிச்சா திரும்பக் கொண்டு வாங்க, பாதி ரேட் போட்டுத் தரோம்" என்றார். ஆறாவது இடம் சின்னது. வாரத்தில் மூன்று நாள் மனநல டாக்டர், ராத்திரிக்கு நர்ஸ். அங்கே இருந்தவர் கடைசிக் கேள்வியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாதிப் பேர் போனை எடுக்கறதில்லைங்கம்மா. நாங்க அடிச்சுக்கிட்டேதான் இருக்கோம்" என்றார்.

"என்ன சார், பாதிப் பேர் எடுக்கலைங்கறாங்க. அங்கே போய் எப்படி சேர்க்கறது?" என்று என்னிடம் கேட்டார் அந்த அம்மா. எடுக்கலைன்னு எண்ணி வெச்சிருக்காங்களே, அதனால சேருங்க என்றேன். என் பேச்சை முழுசாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்த்தார்.

தம்பி 28 நாள் இருந்துவிட்டு வந்து இப்போது நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை, ஒரு கல்யாண வீட்டில், குடித்துவிட்டான். மறுநாள் அக்காவே கூட்டிப்போய் டாக்டர் எதிரில் உட்கார வைத்தார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அந்த மையத்திலிருந்து அவனுக்கு போன் வரும். போன வாரம் அக்காவிடம் விசாரித்தேன்.

"செவ்வாக்கிழமை அடிச்சாங்க சார், அவன் எடுக்கலை. புதன்கிழமை மறுபடி அடிச்சாங்க."

"எடுத்தானா?"

"எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டான். அரை மணி நேரம் பேசினான் சார்."